பதினேழும் பதினெட்டும்

பஸ் குலுங்கும்போதெல்லாம் நான் நடக்கிறேன். சீட்டில் உட்கார்ந்து, பையை மடியில் அணைத்துக்கொண்டு, முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடியே நடக்கிறேன். என் மணிக்கட்டில் இருக்கும் பட்டை அப்படித்தான் எண்ணிக்கொள்கிறது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அதில் சில காலடிகள் கூடுகின்றன. கை ஆடினால் கால் நடந்தது என்று எடுத்துக்கொள், இவ்வளவுதான் அதற்கு நாங்கள் சொல்லிக்கொடுத்திருப்பது. நாம் விற்கப்போகிற விலைக்கு இதற்கு மேல் அறிவு வைக்க முடியாது என்பார் பிரதாப் சார், எங்கள் சின்ன கம்பெனியின் முதலாளி. பெரிய கம்பெனி வாட்ச் வாங்க வழியில்லாதவர்களுக்கு, தறி ஓட்டுகிறவர்களுக்கு, மூட்டை தூக்குகிறவர்களுக்கு, நெஞ்சு எப்படி அடிக்கிறது உடம்பு எவ்வளவு அசைகிறது என்று பார்த்துச் சொல்லும் மலிவான கைப்பட்டை. அதைச் செய்யும் ஐந்து பேரில் நான் ஒருத்தி. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். என்ற புள்ள ஆஸ்பத்திரிக்கு மிசின் செய்யறா என்று அம்மா தான் வேலை செய்யும் தறிக்குடோனில் எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக்கு இல்லை அம்மா, ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பதற்கு. போகாமல் இருப்பதற்குத்தான். பஸ் இன்னும் சின்னியம்பாளையம்கூடத் தாண்டவில்லை. யாரோ என் தலைக்கு மேலே பேசுகிறார்கள். “ஏனுங் அம்மிணி, ரெண்டு வாட்டி கேட்டாச்சு. போனுக்குள்ளயே எறங்கிக்கறதா, இல்ல வேற எங்காச்சும் எறங்கறதா?” கண்டக்டர். “சோமனூருங்க.” “இன்னைக்கு அங்க கரண்டே இல்லீங்களே, ஊரே தூங்கும்.” பின்சீட்டில் ஒருவர் சிரிக்கிறார். “எங்கீங்க தூங்கறது? தறி நின்னா கடையிலதான் ஓட்டம்.” பஸ்ஸில் பாதிப்பேர் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். பயம் வந்தால் எனக்கு முதலில் வருவது சிரிப்புதான்.

கரண்டு இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இந்த பஸ்ஸில் இருக்கிறேன். மாதத்தில் ஒரு நாள் பராமரிப்பு என்று காலையிலிருந்து சாயந்திரம்வரை மின்சாரத்தை நிறுத்துவார்கள். காலையில் ஆபீசில் டீ குடிக்கும்போது பேப்பரில் ஊர்ப்பெயர்கள் வரிசையாக இருந்தன, நடுவில் அக்காவின் ஊர். டீயைப் பாதியில் வைத்துவிட்டேன். கரண்டு நின்றால் தறி நிற்கும். தறி நின்றால் மாமாவுக்கு வேலை இல்லை. மதியம் பிராந்திக்கடை திறக்கும். ஃபீல்டுக்குப் போய்விட்டு வருகிறேன் சார் என்றேன். “டெமோ பக்கத்துல வந்தாச்சு, அந்த ஃபில்டர முடிச்சியா மகுடீஸ்வரி?” என்றார் பிரதாப் சார். “பதினேழு ஒண்ணு போதும் நம்ம மானத்த வாங்க. உக்காந்த எடத்துல ஓடறான்யா அந்தாளு. அவன் கைய மொதல்ல நிறுத்து.” அவர் சொன்னது காலடிக் கணக்கை. நடக்காமல் கையை மட்டும் ஆட்டுவதை நடை என்று எண்ணாதபடி ஒரு வடிகட்டி எழுதச் சொல்லியிருந்தார். அவன் கையை நிறுத்து. படிக்கட்டு இறங்கும்வரை அந்த வார்த்தை என் கூடவே இறங்கி வந்தது. பதினேழு என்பது மாமா, அக்காவின் புருஷன். பட்டை எண் பதினேழு, தனபால், விசைத்தறி. பதினெட்டு அக்கா, நாகேஸ்வரி, அதே தறிக்குடோன், அதை ஒட்டி அதே வீடு. இரண்டையும் நானேதான் கட்டிவிட்டேன். மாமா கையை நீட்டியபோது மணிக்கட்டு தடியாக இருந்தது, கடைசி ஓட்டையில்தான் கொக்கி ஏறியது. “இறுக்கிக் கட்டு, கொழுந்தியா கட்டுற கட்டு அவுறக் கூடாது” என்றார். அக்கா கைக்கு முதல் ஓட்டையே தொளதொளவென்று இருந்தது. இப்போது போனில் இரண்டு பேரின் கோடுகளும் திறந்திருக்கின்றன. நீலக்கோடு நெஞ்சுத்துடிப்பு, சிவப்புக்கோடு கையசைவு. மாமாவுக்கு இரண்டு, அக்காவுக்கு இரண்டு. பட்டையிலிருந்து அவரவர் போனுக்கு, போனிலிருந்து சர்வருக்கு, அங்கிருந்து எனக்கு. வந்து சேரக் கொஞ்சம் நேரமாகும். நான் பார்ப்பது எப்போதும் நடந்து முடிந்ததை. இப்போது பதினேழு அசையவில்லை. பதினெட்டு அசைகிறது, மெதுவாக, சோறு வடிக்கிறாளோ என்னவோ. அசையட்டும். அக்கா அசையட்டும், அவர் அசையாமல் கிடக்கட்டும். கிடக்கட்டும் என்று நினைத்துவிட்டேன். நினைத்தால் நினைத்ததுதான்.

தறி ஓடும்போது தரை நடுங்கும். அந்த நடுக்கம் கால் வழியாக ஏறிக் கைக்கு வரும், பட்டை அதையும் நடை என்று எண்ணும். முதல் வாரம் எல்லாத் தறிக்காரர்களும் நின்ற இடத்திலேயே பழனிக்குப் போய் வந்த கணக்கு வந்தது. நானும் கூட வேலை செய்யும் நௌஃபலும் உட்கார்ந்து தறியின் அதிர்வை மட்டும் கழித்தோம். தறி ஒரே சீராக அடிக்கும், சீரானதைக் கண்டுபிடித்துக் கழிப்பது எளிது. எல்லார் கணக்கும் இறங்கியது. பதினேழு மட்டும் இறங்கவில்லை. மாமாவின் கையில் சீரில்லாத ஏதோ இருந்தது, வெடித்து வெடித்து வரும், நிற்கும், மறுபடி வரும். நல்லா நடக்கிற ஆள் என்று நினைத்தோம். நான் நினைத்தேன். அந்த மாதக் கடைசியில் கல்யாண மண்டபத்தில் எல்லாரையும் கூட்டி, அதிகம் நடந்தவருக்குப் பரிசு என்று பிரதாப் சார் ஓர் எவர்சில்வர் அண்டா வாங்கி வைத்திருந்தார். மைக்கில் பேரைப் படித்தது நான். “நடைன்னா நம்ம நடை! கொழுந்தியா செஞ்ச வாட்ச்சு பொய் சொல்லுமா?” என்று மாமா அண்டாவைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். “அந்தாளு பீடி வாங்கக்கூட வண்டியிலதானப்பா போவான்” என்று யாரோ கத்தினார்கள், அதற்கும் சிரித்தோம். அக்காவும் கைதட்டினாள். அந்த வெயிலில் முழங்கை தாண்டி இறங்கிய ஜாக்கெட் போட்டிருந்தாள். என்னக்கா இது பழைய மோஸ்தர் என்று கேட்டேன், இப்ப இதான் புதுசு என்றாள். போகும்போது அண்டாவை இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனது அவள்தான். அவள் வாங்கிய ஒவ்வொரு அடிக்கும் நான் மைக்கில் பேர் படித்திருக்கிறேன். இதை நினைக்கக் கூடாது. நினைத்தால் வாந்தி வருகிறது. ஜன்னல் பக்கம் நகர்கிறேன். பக்கத்துச் சீட்டு அம்மாள் தன் பையை எடுத்துத் தள்ளி வைத்துக்கொள்கிறாள். “வெளிய எட்டிக்க கண்ணு, வெளிய” என்கிறாள்.

எங்களுக்கு ஒரு வழக்கம். கோட்டில் புரியாத அசைவு வந்தால் நாங்களாக ஊகிக்கக் கூடாது. கட்டியிருப்பவருக்குப் போன் போட்டு, இந்த நேரத்துக்கு என்ன செஞ்சிட்டிருந்தீங்க என்று கேட்க வேண்டும். அவர் சொன்னதை அப்படியே எழுத வேண்டும். அணிந்தவர் சொல்வதே உண்மை என்று எங்கள் விதிமுறையில் இருக்கிறது, அந்த வரியை எழுதியவளும் நான்தான், நேர்மையான வரி என்று அன்றைக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மாமாவுக்குப் போன் போட்டால் எடுக்கமாட்டார். அதனால் அக்காவுக்குப் போடுவேன். மாமா அப்ப என்னக்கா பண்ணிட்டிருந்தாரு? தறிச்சத்தம் மட்டும் வரும். பிறகு “துணி துவைச்சாரு” என்பாள். மாமாவா? “ஏன், ஆம்பள துவைக்கக் கூடாதா? படிச்ச புள்ள நீயே இப்படிக் கேக்கற” என்று சிரிப்பாள். துணி துவைத்தல் என்று எழுதுவேன். கல்லில் ஓங்கி அடிக்கும் கையின் கோடும் அதுவும் ஒன்றுபோலவே இருந்தது, மேலே போய், ஒரு கணம் நின்று, சடாரென்று கீழே. சந்தேகப்பட ஒன்றுமில்லை. அதே நேரத்துக்குப் பதினெட்டில் நெஞ்சு எகிறியிருக்கும், அது வேறொரு நாள் வேறொரு தாளில் பார்ப்பேன், நீ என்னக்கா பண்ணிட்டிருந்தே என்றால் அதற்கும் “துணிதான் துவைச்சேன், வேறென்ன” என்பாள். இரண்டு பேரும் துணி துவைக்கும் வீடு. எவ்வளவு சுத்தமான வீடு.

நேற்றுத்தான் இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தேன். டெமோவுக்கு அழகாக ஒரு படம் வேண்டும், கணவன் மனைவி ஒரே நாளில் எப்படி உழைக்கிறார்கள் என்று காட்டலாம் என்றார் சார். போன மாதம் தறி நின்ற நாளை எடுத்தேன், அதிர்வு இல்லாததால் கோடு தெளிவாக இருக்கும் என்பதற்காக. ஒரே கடிகாரம், மேலே மாமா, கீழே அக்கா. மேலே சிவப்பு வெடித்து வெடித்து இறங்குகிறது. கீழே சிவப்பு படுத்துக் கிடக்கிறது. அக்காவின் கை அசையவே இல்லை. நீலம் மட்டும் மலைபோல ஏறுகிறது. துணி துவைச்சேன் என்று எழுதியிருக்கிறது, என் கையெழுத்து. நின்ற கையால் துணி துவைக்க முடியாது. நின்ற கையால் யாரும் துணி துவைக்க முடியாது. இன்னொன்றையும் பார்த்தேன், அது பிரதாப் சாருக்கும் தெரியாது, நௌஃபலுக்கும் தெரியாது, எனக்கு மட்டும்தான் தெரியும். மூச்சு உள்ளே போகும்போது நெஞ்சு கொஞ்சம் வேகமாகத் துடிக்கும், வெளியே வரும்போது கொஞ்சம் மெதுவாக, கோட்டில் அது சின்ன அலைபோலத் தெரியும். மேலே ஒவ்வொரு வெடிப்புக்கும் கொஞ்சம் முன்னால், கீழே அந்த அலை நின்றுபோயிருந்தது. மூச்சைப் பிடித்திருக்கிறாள். அடி விழப்போகிறது என்று தெரிந்து மூச்சைப் பிடித்திருக்கிறாள். அந்த மூச்சு எனக்குத் தெரியும்.

அப்பாவிடம் தறியின் பழைய தோல் பெல்ட் ஒன்று இருந்தது. ஆணியில் தொங்கும். அவர் குடித்துவிட்டு வந்து செருப்பைக் கழற்றும் சத்தத்திலேயே இன்றைக்கு ஆணி காலியாகுமா என்று தெரிந்துவிடும். முதலில் அம்மாவுக்கு, பிறகு குறுக்கே வந்தவருக்கு. அக்கா எப்போதும் குறுக்கே வருவாள். தறி மேடைக்கு அடியில் என்னைத் தள்ளிவிட்டு வாசலில் நிற்பாள். ஒரு தடவை எனக்கும் விழப்போகிறது என்றபோது காதுக்குள் சொன்னாள், “அடி எறங்கறப்ப மூச்சப் புடிச்சுக்க அம்மிணி, வலிக்காது.” வலித்தது. தோல் கிழிந்து கால்சட்டையோடு ஒட்டிக்கொண்டது, தண்ணீர் ஊற்றி ஊற்றிப் பிரித்தாள். அப்பா செத்த அன்றைக்கு நான் ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் அழுதார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. பட்டையின் உள்பக்கத்தில் ஒரு பச்சை விளக்கு இருக்கிறது, தோலுக்குள் வெளிச்சத்தை அனுப்பி இரத்தம் ஓடுவதைப் பார்ப்பதற்காக. இரத்தம் பச்சையைக் குடித்துவிடும், எவ்வளவு குடிக்கிறது என்று பார்த்துத் துடிப்பைச் சொல்லலாம். முதல்முறை அதைச் செய்து பார்த்தபோது, இவ்வளவு நாளும் இரத்தத்தை வெளியில் வந்தபிறகுதானே பார்த்திருக்கிறேன் என்று நினைத்தேன். இரத்தம் வருவதற்கு முன்னாலேயே சொல்லிவிடும் ஒரு பொருளைச் செய்வேன் என்று நினைத்தேன். இப்படி நினைப்பதெல்லாம் பேட்டியில் சொல்ல நன்றாக இருக்கும்.

அடி தாங்குமா என்று பார்க்க ஆபீசில் ஒரு மணல்மூட்டை வைத்திருக்கிறோம். ஒருநாள் நௌஃபல் பட்டையை என் கையில் கட்டி, “ஓங்கிக் குத்து மகுடி, உனக்குப் புடிக்காத யாரையாச்சும் நெனச்சுக்க, என்ன மட்டும் நெனைக்காத” என்றான். முதல் குத்துக்குச் சிரித்தேன். அப்புறம் சிரிக்கவில்லை. அப்புறம் பக்கத்தில் கிடந்த இரும்புக்குழாய் எப்படி என் கைக்கு வந்தது என்று தெரியாது. சாக்கு கிழிந்து மணல் என் காலில் கொட்டும்வரை நிறுத்தவில்லை. நௌஃபல் சுவரோரம் போய் நின்றுவிட்டான். அப்போது பட்டை துள்ளியது. ஒரு நாளுக்கு நடக்க வேண்டிய அளவை எட்டிவிட்டால் அது கையில் மூன்று முறை துள்ளி ஒரு நட்சத்திரம் காட்டும், நாங்கள் வைத்த பாராட்டு. எனக்கு நட்சத்திரம் கிடைத்தது. மாமாவுக்கு எத்தனை முறை கிடைத்திருக்கும். அடித்து முடித்து மூச்சு வாங்கும்போது கை துள்ளும், பார்த்தால் நட்சத்திரம். அக்கா தரையில் இருந்து அந்த வெளிச்சத்தைப் பார்த்திருப்பாளா. நான் செய்தது என்று தெரிந்துதானே பார்த்திருப்பாள்.

நீலாம்பூர். ஆட்கள் இறங்குகிறார்கள், ஏறுகிறார்கள். இறைச்சிக்கடையில் ஒருவன் எலும்பு வெட்டுகிறான், கை மேலே போய், நின்று, சடாரென்று. நடை, நடை, நடை. கண்ணை எடுத்துப் போனைப் பார்க்கிறேன். பதினேழு அசைகிறது. மேலே போய், நின்று, கீழே. கீழே பதினெட்டில் அலை நின்றிருக்கிறது. அக்கா மூச்சைப் பிடித்திருக்கிறாள். இப்போது. இப்போது இல்லை, கொஞ்சம் முன்னால், நான் எலும்பைப் பார்ப்பதற்கு முன்னால், பஸ் பிரேக் போட்டபோதோ அதற்கும் முன்னாலோ. அக்காவுக்குப் போன் போடுகிறேன், மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. மாமாவுக்குப் போடுகிறேன். எடுக்கவில்லை. பெண்களுக்கான உதவி எண்ணை அழுத்துகிறேன், ஒரு பெண் குரல் வணக்கம் சொல்கிறது, என்ன சொல்வது, ஒரு கோடு ஆடுதுங்க என்றா, நீங்க நேர்ல பார்த்தீங்களாம்மா என்று கேட்டால், அணிந்தவர் துணி துவைப்பதாகத்தானே சொல்லியிருக்கிறார் என்றால். வைத்துவிட்டேன். கோழை. அம்மாவுக்குப் போட்டேன். “மாமா அக்காவ அடிக்கறாரும்மா.” “யாரு சொன்னா? அவ சொன்னாளா?” “வாட்ச்சுல தெரியுதும்மா.” “கையில கட்டுன கடியாரம் வந்து உங்கிட்டச் சொல்லுச்சாக்கும்.” “அம்மா, இப்ப அடிக்கறாரு.” அம்மாவின் ஊரில் கரண்டு இருக்கிறது, அவள் பக்கத்தில் தறி ஓடுகிறது. பிறகு, “அடிக்காத ஆம்பள எந்த ஊட்டுல இருக்கறான்? உங்கப்பன் அடிக்காத அடியா? நான் செத்தா போயிட்டேன்? நீ போயி நாலு வார்த்த பேசிட்டு பஸ் ஏறிருவ. அவதான அங்க இருந்தாகோணும்.” பக்கத்துச் சீட்டு அம்மாள் ஜன்னலைப் பார்ப்பதுபோல என்னைப் பார்க்கிறாள். அம்மா இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள், நான் வைக்கவில்லை, போனைக் காதிலிருந்து எடுத்துக் கோட்டைப் பார்க்கிறேன், அம்மாவின் குரல் கையில் பூச்சிபோலத் துடிக்கிறது.

பதினெட்டின் சிவப்பு எழுந்துவிட்டது. அக்காவின் கை. இதுவரை ஒருமுறைகூட இப்படி எழாத கோடு. இழுத்துக்கொண்டு போகிறானா, முடியைப் பிடித்து இழுத்தால் கை இப்படித்தான் ஆடும், இல்லை, இப்படி ஆடாது. மேலே போய், நின்று, கீழே. மேலே போய், நின்று, கீழே. இந்த வடிவம் எனக்குத் தெரியும், மணல்மூட்டை, என் வடிவம். மேலே பதினேழில் கையசைவு இல்லை. நீலமும் இல்லை. சுத்தமாகப் படுத்துவிட்டது, தரைபோல. பட்டையைக் கழற்றிவிட்டாரா. கழன்று விழுந்ததா. இல்லாவிட்டால். தோலில் பட்டை ஒட்டியிருக்கிறதா இல்லையா என்று சொல்ல ஒரு சின்ன பாகம் உண்டு, மிளகு அளவுதான். விலையைக் குறைக்க எதை எடுக்கலாம் என்று சார் கேட்டபோது, கையில் கட்டியிருக்கிறோமா இல்லையா என்று கட்டியிருப்பவருக்கே தெரியாதா, அதற்கு எதற்கு ஒரு பாகம் என்று எல்லாரும் சொன்னோம். எடுத்துவிட்டோம். அதனால் கழற்றி வைத்த பட்டைக்கும் நின்றுபோன நெஞ்சுக்கும் எங்கள் கோட்டில் ஒரு வித்தியாசமும் இல்லை. படுத்த கோடு, அவ்வளவுதான். பதினெட்டு இன்னும் ஆடுகிறது. நிறுத்துக்கா. நிறுத்தாதே. கடவுளே, நான் நிறுத்தாதே என்று சொன்னேன், வாயால் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, முன்சீட்டில் இருந்தவர் திரும்புகிறார். அப்புறம் பதினெட்டும் நின்றது. படுக்கவில்லை, அறுந்தது. தகவல் இல்லை என்று வந்தது. அக்காவின் போனில் சார்ஜ் தீர்ந்திருக்கும், கரண்டு இல்லாத நாள்தானே, தீர்ந்திருக்கும். தீர்ந்திருக்கட்டும். கருமத்தம்பட்டியில் பஸ் திரும்புகிறது, திரும்பும்போது எல்லாரும் ஒரு பக்கம் சாய்கிறோம். ஒரு பட்டனை அழுத்தினால் இன்றைய நாளே சர்வரில் இருக்காது. எனக்கு அந்த அனுமதி உண்டு. ஆனால் இன்றைய நாளை அழித்தால் அக்கா மூச்சைப் பிடித்ததும் போய்விடும். வடிகட்டியை ஓட்டினாலும் அதேதான், இத்தனை நாள் வெடிப்பும் வேண்டாத அசைவு என்று கழிந்துவிடும். அவர் கையைக் கழித்தால் அவள் கையும் கழியும். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. என் பட்டை நான் நடப்பதாகச் சொல்கிறது. நிறைய நடந்துவிட்டேனாம்.

சோமனூரில் இறங்கியதும் சத்தமில்லாததுதான் முதலில் அடித்தது. எந்த நேரமும் தடதடக்கும் ஊர், காதை அறுத்து எடுத்ததுபோல இருந்தது. சந்தில் ஓடினேன். தறிக்குடோன் கதவு சாத்தியிருந்தது, தாழ்ப்பாள் போடவில்லை. உள்ளே இருட்டு, பஞ்சுத்தூசி, எண்ணெய் வாசனை, அதற்கு மேலே இன்னொரு வாசனை, அது எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். அக்கா தண்ணீர்த் தொட்டி ஓரம் குந்தியிருந்தாள். ஒரு கண் மூடி வீங்கியிருந்தது. உதடு கிழிந்து மோவாய்வரை காய்ந்திருந்தது. மடியில், நூலோடு குறுக்கே ஓடும் நாடாவை அடித்துத் தள்ளும் மரத்தடி, தறியிலிருந்து கழற்றியது, ஒரு முனை நனைந்திருந்தது. மாமா இரண்டு தறிகளுக்கு நடுவில் ஒருக்களித்துக் கிடந்தார். காதுக்குப் பின்னால் தலைமயிர் கறுப்பாக ஒட்டியிருந்தது. அவர் பட்டை தெறித்து, பாவுநூலுக்கு அடியில் கிடந்து, சிமெண்டுத் தரையைப் பார்த்துப் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. நான் கேட்கும் முன்னாலேயே அக்கா என் கையிலிருந்த போனைப் பார்த்துச் சொன்னாள்.

“துணி துவைச்சிட்டிருந்தேன்னு எழுதிக்க அம்மிணி.”

மாமாவின் பக்கத்தில் மண்டிபோட்டேன். மணிக்கட்டில் பட்டை இருந்த இடம் வெளுத்திருந்தது. அங்கே இரண்டு விரலை வைத்தேன். ஒன்றுமில்லை. என் விரல்தான் துடிக்கிறது, என் நெஞ்சு காதுக்குள் தறி ஓட்டுகிறது, இதில் எது அவருடையது. கொஞ்சம் அழுத்தினேன். அழுத்தாமல் இருந்தால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது, வந்து நின்றது, அதைப் பார்த்தேன். அழுத்தினேன். அடியில் ஏதோ தட்டியது. மெதுவாக, மறுபடி.

“இருக்குதுக்கா.”

“இருக்குதா?” என்றாள். அந்தக் குரலில் இருந்தது என்ன என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததை நான் எழுதப்போவதில்லை.

அக்கா முகத்தைத் துடைக்கக் கையைத் தூக்கினாள், கடைசிக் காலடியும் சேர்ந்து அவள் பட்டை துள்ளியது. மூன்று முறை. கறை படிந்த மணிக்கட்டில் நட்சத்திரம் எரிந்தது. “என்னத்துக்குடி இது இப்படித் துள்ளுது” என்று கையை உதறினாள், பல்லி விழுந்ததைப்போல, “கழட்டி உடு, கழட்டி உடு” என்றாள். தொளதொளத்த பட்டை, இழுத்ததும் வந்துவிட்டது. அதைப் பைக்குள் போட்டேன். அவருடையதைத் தரையிலிருந்து எடுத்து அதையும் போட்டேன். பிறகு ஆம்புலன்சுக்கு அடித்தேன். ஊரைச் சொன்னேன், சந்தைச் சொன்னேன். என்ன ஆச்சுங்க என்றது ஓர் ஆண் குரல், தூக்கக் கலக்கமில்லாத, அவசரமில்லாத, எழுதிக்கொள்ளக் காத்திருக்கும் குரல், நான் போனில் கேட்கும் அதே கேள்வி. அக்கா நல்ல கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சைப் பிடித்திருந்தாள். நானும் பிடித்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

“அடிதடிங்க” என்றேன்.

“அடிபட்டவங்க எத்தனை பேருங்க?”

“ரெண்டு பேருங்க.”

அக்கா மரத்தடியைக் கீழே வைத்தாள். தனக்குப் பின்னால் அடிபட்டவர் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.